பசியும் கொள்ளைநோயும்: 1918 உம் 2020 உம்



கொள்ளைநோய் வந்தால் மக்கள் சாவர் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆயின் அந்நோய் தீண்டாதவரும் அதே நாள்களில் சோறின்றி வாடிச் சாகக் கூடும் என்பதே பலரும் எண்ணிப் பாராதது. நோய்நுண்மி நெற்கதிரைத் தின்பதில்லை. வெட்டுக்கிளியைப் போல் வயலை மொட்டையடிப்பதுமில்லை. வானம் பொய்த்தால் நிலம் காய்வது போல் எதையும் கண்முன் காயவைப்பதுமில்லை. அது செய்வது வேறு. உழுகின்ற கையைப் படுக்கையில் கிடத்துகின்றது. விளைந்ததை ஏற்றிச் செல்லும் வண்டியை வழியில் நிறுத்துகின்றது. கூடி விற்கும் அங்காடியை மூடுகின்றது. இவை மூன்றினும் கொடிதாக, அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் உண்பவனின் மடியை வெறுமையாக்குகின்றது. களஞ்சியம் நிறைந்திருக்க, அதன் வாயிலிலேயே ஒருவன் பட்டினி கிடக்கும் கொடுமை இவ்வாறுதான் நேர்கின்றது.

ஆகவே ஒரு நாட்டின் உணவு ஏற்பாடு கொள்ளைநோயைத் தாங்குமா தாங்காதா என்பதை அந்நாட்டின் விளைச்சலைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. விளைந்தது யார் கையில் இருக்கின்றது, எவ்வழியாக எவர் இலைக்கு வருகின்றது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். இதனைத் தமிழ்மண் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை ஆய்ந்து காட்டியிருக்கின்றது. ஒருமுறை தோற்றது, மற்றொருமுறை, குறைகள் பலவற்றோடு, தாங்கி நின்றது. அந்த வேறுபாட்டின் கரணியம் யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

1918 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நான்காம் ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. அன்றைய சென்னை ஆட்சிப்பகுதி தனக்கு வேண்டிய அரிசி முழுவதையும் தானே விளைத்துக் கொள்ளவில்லை. குறைந்த அளவு பருமாவிலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்தது. அக்கப்பல்களைப் போர் விழுங்கிவிட்டது. தொடர்வண்டிகளும் படைக்குரிய பொருள்களைச் சுமக்கவே பயன்பட்டன. அவ்வாண்டின் தென்மேற்குப் பருவமழையோ அந்நூற்றாண்டின் மிக மோசமான பொய்ப்புகளுள் ஒன்றாக அமைந்தது. அரிசி விலை ஏறியது. துணி விலை ஏறியது. மண்ணெண்ணெய் விலையும் ஏறியது. கூலி மட்டும் ஏறவில்லை.

வணிகர் கூலத்தைப் பதுக்கினர். (கூலம் என்னும் சொல்லை இன்று பலர் மறந்து, தானியம் என்றே வழங்குகின்றனர். மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என்றே அறியப்பட்டவர். பொருளை இழப்பதற்கு முன்னர்ப் பெயரை இழப்பது தமிழர் வழக்கம் போலும்.) ஆங்கிலேய ஆட்சியினர், விலையில் அரசு தலையிடுதல் முறையன்று, வணிகம் தன் வழியே சென்று தானே நேராகும் என்று வாளா இருந்தனர். மக்கள் வாளா இருக்கவில்லை. 1918 மே முதல் செப்டம்பர் வரை தென்னாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கூலக் கடைகளும் கிடங்குகளும் தாக்கப்பட்டன. செப்டம்பரில் அத்தீ சென்னை நகருக்குள்ளேயே பற்றியது. ஆலைத் தொழிலாளர், நெசவாளர், உழவுக் கூலிகள் முதலாய எளிய மக்களே அவற்றில் நின்றனர். இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பல இடங்களில் அவர்கள் முதலிற் கேட்டது கொள்ளைப்பொருள் அன்று; முறையான விலைக்கு அரிசி! பழைய விலைக்குத் தா என்று கேட்டு, வணிகன் மறுத்த பின்னரே கதவு உடைந்தது. குழப்பம் என்று அரசேடுகள் எழுதிவைத்த அது, உண்மையில் ஒரு முறைவிலைக் கடைக்கான வேண்டுகோள். அக்கடை வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இந்தப் பசியின் மேல்தான் நச்சுக்காய்ச்சல் வந்து விழுந்தது. 1918 சூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த அந்நோய், முதலில் மென்மையாக வந்து சென்றது; செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில் இரண்டாம் அலையாகக் கொடுமையோடு திரும்பியது. மாண்டோர் தொகையை ஒருகோடியே இருபது இலக்கம் என்பாரும், ஒருகோடியே எண்பது இலக்கம் வரை சொல்வாரும் உளர். எவ்வாறு கணக்கிட்டாலும், இருபதாம் நூற்றாண்டில் இந்திய மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரையுள்ளதுதான். பம்பாய்ப் பகுதியையும் நடு இந்தியப் பகுதிகளையும் நோக்க, தென்னாட்டில் சாவு குறைவே. எனினும் ஊர்தோறும் ஒப்பாரி எழாத தெரு இல்லை.

பிற கொள்ளைநோய்கள் பெரும்பாலும் முதியோரையும் மழலைகளையுமே தேடிச் செல்லும். இக்காய்ச்சலோ இருபது முதல் நாற்பது அகவைக்குட்பட்டோரை, அதாவது ஏர்பிடிப்பவனையும் நாற்று நடுபவளையும், வாரிக்கொண்டு போயிற்று. அமெரிக்கப் பொருளியலறிஞர் தியோடர் சூல்சு, 1964 இல் வெளிவந்த தம் நூலில் இந்த இழவை ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொண்டார். இந்திய வேளாண் தொழிலாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர் மடிந்தனர் என்றும், 1919-20 இல் விதைக்கப்பட்ட நிலப்பரப்பு 1916-17 ஐ நோக்க 3.8 விழுக்காடு சுருங்கியிருந்தது என்றும் அவர் கணக்கிட்டார். சிற்றூர்களில் வேலையற்ற வெற்றுக் கைகள் மிகுதி, அவற்றுட் சில குறைந்தால் விளைச்சல் குறையாது என்று அந்நாளில் சிலர் பேசிவந்ததை மறுப்பதற்கே அவர் இதனைக் காட்டினார். அமர்த்தியா சென் அக்கணக்கைப் பின்னர் மறுத்துரைத்தார். அறிஞர் பூசல் ஒருபுறம் இருக்க! வானம் திருந்திய பின்னரும், கையிழந்த வயல் முழுமையாகத் திரும்பவில்லை என்பதே ஈண்டு வேண்டுவது. நிலம் இருந்தது, நீர் வந்தது, ஆள் இல்லை. மீட்சி என்பது மழையால் மட்டும் வருவதன்று.

1918 இல் தாங்காத ஏற்பாடு 2020 இல் எவ்வாறு தாங்கிற்று? இடையில் கட்டப்பட்டது யாது?

இரண்டாம் உலகப் போரில் பருமா வீழ்ந்து அரிசி வரத்து அற்றபின், 1943 அளவில் நகரங்களில் பங்கீடு தொடங்கிற்று. அது போர்க்கால ஏற்பாடாக வந்து, போனது, திரும்பவும் வந்தது. 1965 சனவரியில் இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட இடம் தஞ்சாவூர். 1967 இல் அரிசித் தட்டுப்பாடே ஓர் ஆட்சியைச் சாய்த்து மற்றோர் ஆட்சியை ஏற்றிவைத்தது. படி அரிசி ஒரு உருபா என்னும் உறுதி சென்னையிலும் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. 1972 இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. சிற்றூர்களிற் கூட்டுறவுக் கடைகள் பெருகின.

இவையெல்லாம் பிற மாநிலங்களிலும் ஓரளவு உண்டு. தமிழ்நாடு தனித்து நின்றது 1997 இல். ஏழையர்க்கு மட்டுமே குறைந்த விலையில் கூலம் வழங்குக, மற்றவரை நீக்குக என்று நடுவணரசு அவ்வாண்டு பங்கீட்டு முறையை மாற்றியமைத்தது. ஏழை யார் என்று கணக்கெடுப்பவன் எழுதுகோலே ஒருவன் சோற்றை முடிவுசெய்யும் நிலை பல மாநிலங்களில் ஏற்பட்டது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி வேண்டுவோர் எல்லார்க்கும் அரிசி என்பதையே, கூடுதற் செலவைத் தானே ஏற்று, விடாமல் நடத்திற்று. 2011 முதல் மாதம் 20 கிலோ வரை விலையின்றியே வழங்கத் தொடங்கிற்று. செல்வர்க்கும் ஏன் இலவயம் என்று இதனை எள்ளியோர் பலர். வீண்செலவு என்று எழுதிய ஏடுகளும் உண்டு. அவர்க்கு விடை 2020 இல் கிடைத்தது.

2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. சில மணி நேர அறிவிப்பில் எல்லாம் நின்றன. நேற்றுவரை தன் உழைப்பில் உண்டவன், மறுநாள் ஏழையானான். தானி ஓட்டுநர், முடிதிருத்துவோர், தையற்காரர், சிற்றுணவகம் நடத்தியோர் ஆகிய இவர்களுட் பலர் எந்த வறுமைப் பட்டியலிலும் இல்லாதவர். ஏழையர் பட்டியலொன்றை மட்டும் நம்பிய இடங்களில், புதிதாய் ஏழையானவன் பெயரை அதிற் சேர்க்கவே திங்கள்கள் ஆகும். தமிழ்நாட்டிலோ பட்டியல் முன்னரே முழுமையாக இருந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி அட்டைகளுக்கும் ஏப்பிரலில் ஆயிரம் உருபாவும் விலையின்றி அரிசி, பருப்பு, சருக்கரை, எண்ணெயும் வழங்கப்பட்டன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் அப்பணியைச் செய்தன. கூட்டம் சேராதவாறு, இன்ன நாள் இன்ன நேரம் வருக என்று வீட்டுக்கே சீட்டுக் கொடுத்தனர். அக்கடைகளில் எடையிட்டுக் கொடுத்த பணியாளர் மருத்துவரைப் போலவே நோயின் முன்வரிசையில் நின்றனர். மருத்துவர்க்குக் கிடைத்த கைதட்டல் அவர்க்குக் கிடைக்கவில்லை.

நடுவணரசின் கிடங்குகளில் 2020 ஏப்பிரல் முதல் நாளில் அரிசியும் கோதுமையுமாக ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் இருந்தது. அந்நாளில் இருக்கவேண்டிய அளவு 2 கோடியே 10 இலக்கம் டன்தான். எலி தின்பதற்கும் மழையில் நனைவதற்கும் எடுத்துக்காட்டாகப் பழிக்கப்பட்ட அக்குவியலிலிருந்தே, 80 கோடி மக்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதற் கூலம் சென்றது. அதற்காக ஒருமுறையேனும் வெளிநாட்டு அரிசியை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்ததா? இல்லை. அதே மார்ச்சில் வியத்துநாம் அரிசி ஏற்றுமதியை நிறுத்திற்று. ஏப்பிரலில் கம்போடியமும் நிறுத்திற்று. சில கிழமைகளில் அவை தளர்த்தப்பட்டன என்பது உண்மையே. ஆயினும், தன் குடிக்கு அச்சம் வந்தால் எந்நாடும் முதலிற் கதவை அடைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி உடைந்தவற்றைச் சொல்லுதல் வேண்டும். இங்கேதான் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி மிகுதி.

கோயம்பேடு அங்காடி 1996 இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஏக்கர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். ஒரு பெருநகரின் காய், கனி, பூ அனைத்தும் ஒரே வாயில் வழியாகப் புகும்படி அமைத்தது ஆட்சியினர்க்கும் வணிகர்க்கும் வசதியாயிருந்தது. நோய்க்கும் அதுவே வசதியாயிற்று. 2020 ஏப்பிரல் இறுதியில் அங்கே தொற்று வெடித்தது. சுமை தூக்குவோரும் ஓட்டுநரும் சிறுவணிகரும் தத்தம் ஊருக்குத் திரும்பியபோது, கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலாய மாவட்டங்களுக்கும் அது சென்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு அங்கிருந்தே தொற்று பரவியதாகக் கண்டறிந்தனர். மே 5 அன்று அங்காடி மூடப்பட்டது. காய்கறி திருமழிசைக்கும், கனியும் பூவும் மாதவரத்துக்கும் சென்றன. திறந்தவெளியில் தகரக் கொட்டகை. மழை பெய்தால் முழங்காலளவு சேறு. செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மீண்டும் திறந்தன.

இதன் மறுமுனை வயலில் இருந்தது. வேளாண் பணிகளுக்கு விலக்கு உண்டு என்னும் ஆணை, ஊரடங்கு தொடங்கிய பின், மார்ச்சு 27 அன்றுதான் வந்தது. விலக்கு வந்தும் சரக்குந்து வரவில்லை. வந்த சரக்குந்தை வழியிற் காவலர் விடவில்லை. விட்டாலும் இறங்குமிடத்திற் சுமைதூக்குவோர் இல்லை. வாழைத்தார் மரத்திலேயே பழுத்தது. தருப்பூசணி கொடியிலேயே அழுகிற்று. திருவிழாவும் திருமணமும் இன்றிப் பூ விளைத்தவன் செடியோடு உழுது மடித்தான். நாமக்கல்லிலோ ஊரடங்குக்கு முன்பே அடி விழுந்தது. கோழிக்கறியால் தொற்று வரும் என்னும் புரளியால் முட்டை விலை, தீனிச் செலவுக்கும் கீழே சரிந்தது. பொய்ப்பேச்சு ஒரு தொழிலைச் சாய்க்க நோய் வரும்வரை காத்திருப்பதில்லை.

பால் தாங்கி நின்ற கதை இதற்கு மாறானது. தேநீர்க் கடையும் உணவகமும் மூடியதால் தனியார் நிறுவனங்கள் சில பால் வாங்குவதைக் குறைத்தன. கறவை மாடு ஊரடங்கு அறியாது; காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும். அந்த மிகைப் பாலைக் கூட்டுறவுக் குமுகங்கள் ஏற்று, ஆவின் வழியாக வெண்ணெயாகவும் பால்மாவாகவும் மாற்றி வைத்தன. ஊர்தோறும் சிறு கொள்ளிடம், அவற்றை இணைக்கும் ஒரு பெருங்கூட்டு, மிகுந்ததை மாற்றிவைக்கும் பொறி ஆகிய மூன்றும் பாலுக்கு இருந்தன. தக்காளிக்கு அவற்றுள் ஒன்றுமில்லை. காய்கறி விளைப்போனின் இழப்புக்கும் பால்மாடு வைத்திருந்தவளின் பிழைப்புக்கும் வேறுபாடு ஊழன்று, அமைப்பு.

சென்னைத் தெருக்களில் மாநகராட்சியும் தோட்டக்கலைத் துறையும் வண்டிகளிற் காய்கறி கொண்டு சென்று விற்றன. 1999 இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் பல, பேருந்து நிலையங்களுக்கும் பள்ளித் திடல்களுக்கும் பரவி இயங்கின. ஒரே பேரங்காடி உடைந்தபோது ஊரைக் காத்தவை பல சிற்றங்காடிகளே. நோய் தணிந்தவுடன் அவ்வண்டிகள் மறைந்தன; பேரங்காடியே பழையபடி எல்லாமாயிற்று. இது வருந்தத்தக்கது.

பள்ளிகள் மூடியதால் சத்துணவு நின்றது. பல பிள்ளைகளுக்கு நாளின் ஒரே முழு உணவு அதுவே. பின்னர் அரிசியும் பருப்பும் பெற்றோரிடம் கொடுக்கப்பட்டன. உலர்ந்த அரிசி, ஆக்கிய சோறும் முட்டையும் ஆகாது. அரிசியால் வயிறு நிறையும், உடல் நிறையாது. பங்கீட்டுக் கடையில் கேழ்வரகும் கம்பும் தினையும் இருந்திருப்பின் என்னும் வினா அப்போதுதான் பலர்க்கு எழுந்தது.

எண்ணெயின் கதையையும் விட்டுவிடலாகாது. பங்கீட்டுக் கடையிற் பாமாயில் என வழங்கும் செம்பனை எண்ணெய் பெரும்பாலும் தமிழ்நாட்டு மண்ணில் விளைவதன்று. மலேசியாவினின்றும் இந்தோனேசியாவினின்றும் வருவது. தொற்றால் எல்லை அடைத்தபோது மலேசியத் தோட்டங்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வருவது நின்றது. குலை வெட்ட ஆளில்லை. 2021 இல் விலை வானளாவ ஏறியது. 2022 ஏப்பிரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியையே மூன்று கிழமைக்கு மேல் நிறுத்திற்று. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஆட்டிய செக்குகள் நிறைந்திருந்த நாட்டில், எங்கோ ஒரு தோட்டத்தில் ஆள் குறைந்தால் தாளிப்புக்கு எண்ணெய் இல்லை! அரிசியில் கட்டிய அணை எண்ணெயிற் கட்டப்படவில்லை.

மீட்சி எங்கிருந்து தொடங்கிற்று? 2020 சூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் உரிய நாளில் திறந்த நீர் அது. அவ்வாண்டு காவிரிப் படுகையில் 3,50,000 ஏக்கருக்கு மேல் குறுவை பயிராயிற்று. அந்த ஏப்பிரல் முதல் சூன் வரையான காலாண்டில் இந்தியப் பொருளியல் ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியபோது, வேளாண்மை ஒன்றே 3.4 விழுக்காடு வளர்ந்தது. 1918 போலன்றி இந்நோய் முதியோரையே மிகுதியும் தாக்கியதால், வயலிற் கை குறையவில்லை. நகரம் துரத்திய கைகளும் வந்து சேர்ந்தன. வேளாண்மையை நம்பியோர் பங்கு ஓராண்டில் 42.5 விழுக்காட்டிலிருந்து 45.6 ஆக உயர்ந்தது. இதனை வளர்ச்சி என்று கொண்டாடுவது பிழை. உழவு அன்று தன் சோற்றைப் பகிர்ந்துகொண்டது, அவ்வளவே. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2020-21 இல் 389 கோடி ஆள்நாள் வேலை நடந்தது என்பதே, பகிர்ந்த சோறு போதவில்லை என்பதற்குச் சான்று.

மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்தச் சூனிலேயே, நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், வேளாண் வணிகத்தை மாற்றும் மூன்று கட்டளைச் சட்டங்களை நடுவணரசு பிறப்பித்தது. வேளாண்மை மாநிலங்களின் பட்டியலில் உள்ளது. தாங்கி நின்றது எதுவோ அதனை, நோய் தணியுமுன்னரே, மாநிலங்களைக் கேளாமல் மாற்ற முனைந்தது எவ்வகை அறம்? தில்லி எல்லையில் ஓராண்டு அமர்ந்திருந்த உழவர், 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெறச் செய்தனர்.

கடைசியாக ஒரு குறை, பேசுவதற்கு இனிமையற்றது. எல்லார்க்கும் அரிசி என்ற தமிழ்நாட்டில் அரிசி கிடைக்காதவரும் 2020 இல் இருந்தனர். திருப்பூர்ப் பின்னலாலைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் உழைத்த பீகாரியர், ஒடியர், வங்காளியர் பலர்க்கு இங்கே அட்டை இல்லை. அவர் அட்டை ஆயிரங்கல் தொலைவில் ஊரில் இருந்தது. தெருவோரம் வாழ்ந்த தமிழர் பலர்க்கும் முகவரி இன்மையால் அட்டை இல்லை. அம்மா உணவகங்கள் விலையின்றி உணவளித்தன. அரசு பின்னர்த் தனியே அரிசியும் கொடுத்தது. நடுவணரசு அட்டையற்ற எட்டுக் கோடிப் பேர்க்கென மே மாதம் ஒதுக்கிய கூலம் முழுதும் உரியவரைச் சென்றடையவில்லை. அதற்குள் பல்லாயிரவர் நடக்கத் தொடங்கிவிட்டனர். 2020 அக்டோபர் முதல் எம்மாநிலத்து அட்டைக்கும் தமிழ்நாட்டுக் கடையில் அரிசி பெறலாம் என்றாயிற்று. ஆயின் ஊரிலுள்ள மனைவி மக்களின் பங்கு அங்கும், உழைப்பவன் பங்கு இங்கும் எனப் பிரித்து வாங்கலாம் என்பதை அத்தொழிலாளியிடம் அவன் மொழியிற் சொல்வார் அக்கடையில் எத்தனை பேர்?